ஜோடி இல்லாத பொட்டலம்

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. நம்பாவிட்டால் வீட்டில் ஒன்றை எடுத்து மடித்துப் பாருங்கள். ஒரு மூலையைப் பிடித்தால் மறு மூலை நழுவும். அதைத் தூக்கினால் இது தரையைக் கூட்டும். கடைசியில் விரிப்புதான் உங்களை மடித்து வைக்கும்.

பொட்டலத்துக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவள் விரிப்பின் இரண்டு மூலைகளைக் கதவின் கைப்பிடியில் கட்டிவிட்டு, மற்ற இரண்டைத் தன் கையில் பிடித்துக்கொள்வாள்.

"கொஞ்சம் இழுத்துப் பிடி. தொங்க விடாதே" என்பாள் கைப்பிடியிடம்.

கைப்பிடி நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் நடந்து வந்து மூலையை அவள் கையில் கொடுக்காது. ஒவ்வொரு முறையும் அவளே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். பேசினால் பதிலும் வராது.

அது ஒரு பெரிய சலவைக் கூடம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அவளுடைய அம்மா அங்கே மடிக்கும் வேலை பார்த்தார். அப்பா லாரி ஓட்டுபவர். கிளம்பினால் வாரக் கணக்கில் வரமாட்டார். அந்த ஊருக்கு அவர்கள் புதிது. பள்ளிக்கூடம் விட்டால் பூட்டிய வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே அம்மா அவளைப் பின்பக்கக் கதவு வழியாக வரச் சொல்லி, துணி அறையில் உட்கார வைத்திருந்தார். வேலை முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். யார் கண்ணிலும் படக் கூடாது. குழந்தைகளுக்கு அங்கே அனுமதி கிடையாது.

ஒருநாள் சூப்பர்வைசர் திடுதிப்பென்று துணி அறைக்குள் நுழைந்துவிட்டார். அம்மா கையிலிருந்த விரிப்பை மகள்மேல் போட்டுச் சுருட்டி, மூட்டையோடு மூட்டையாக ஓரத்தில் தள்ளினார்.

"அது என்ன பொட்டலம், தனியா இருக்கு?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"கறை போகலை மேடம். மறுபடி துவைக்கணும்" என்றார் அம்மா.

பக்கத்தில் நின்ற நெட்டையக்கா சிரிப்பை அடக்க முடியாமல் இருமோ இருமென்று இருமினார். அவர் அம்மாவோடு சேர்ந்து மடிப்பவர். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் பொட்டலம். அந்தப் பெயர் தெரிந்தவர்கள் அம்மாவும் நெட்டையக்காவும் மட்டும்தான்.

பள்ளியிலும் அவளுக்கு இன்னும் தோழிகள் அமையவில்லை. வகுப்பில் எல்லாரும் ஏற்கெனவே ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு முடித்திருந்தார்கள். இவள் கை போட ஒரு தோள்கூட மிச்சமில்லை.

துணி அறையில் வீட்டுப்பாடம் முடிந்துவிடும். கொண்டுவந்த பிஸ்கட் முடிந்துவிடும். சாயங்காலம் மட்டும் முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் மடிப்பவர்கள் எதிரெதிரே நின்று பேசிச் சிரிப்பது கேட்டுக்கொண்டே இருக்கும். நெட்டையக்காவுக்கும் குள்ளமான அம்மாவுக்கும் நடுவே விரிப்பு எப்போதும் சரிவாகவே தொங்குமாம். 'சறுக்குமரம்' என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அம்மா வாய்விட்டுச் சிரிப்பார். வீட்டுக்கு வரும்போது அந்தச் சிரிப்பெல்லாம் தீர்ந்து, அலுப்பு மட்டும் மிச்சமிருக்கும். அதில் பொட்டலத்துக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தீப்பிடித்தால் என்ன செய்வது என்று வேலை பார்க்கும் எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டும். ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும். அதைப் பார்க்கப் பாதுகாப்பு அதிகாரி நேரில் வருவார்.

சூப்பர்வைசருக்குப் பரபரப்பு தாங்கவில்லை. கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு கூடம் அதிரப் பாடம் நடத்தினார்.

"மணி அடிச்சா கையில இருக்கிறதை அப்படியே போட்டுட்டு வெளியே வரணும். புகை இருந்தா குனிஞ்சு வரணும். பின்னாடி கதவைச் சாத்திட்டு வரணும். துணியைக் காப்பாத்துறேன்னு யாராவது நின்னீங்க, தொலைச்சிடுவேன்."

கூடத்தில் பாதிப் பேருக்கு மனப்பாடம் ஆகாத இந்தப் பாடம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கு ஆகிவிட்டது. அவளுக்கு வேறு வேலை இல்லையே.

வெளியே வந்தவர்களைச் சரிபார்க்கவும் சூப்பர்வைசர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அங்கே எல்லா வேலையும் ஜோடியாகத்தான் நடக்கும். மிஷினில் துணி போடுபவர்கள் ஒரு ஜோடி. வண்டி தள்ளுபவர்கள் ஒரு ஜோடி. மடிப்பவர்கள் சொல்லவே வேண்டாம்.

"ஒவ்வொருத்தரா எண்ணினா பொழுது விடிஞ்சிடும். ஜோடியைக் கூப்பிடுவேன். உன் ஜோடி பக்கத்துல நின்னா 'வந்தாச்சு'ன்னு சொல்லு. இல்லைன்னா 'வரலை'ன்னு சொல்லு. அவ்வளவுதான்" என்றார்.

கேட்பதற்கு அருமையான வழிதான். எல்லாருக்கும் பிடித்தும் போனது.

ஒத்திகை நாளன்று அம்மா துணி அறைக்கு வந்து பொட்டலத்தின் முன்னால் குந்தினார்.

"மணி அடிச்சா நீ அசையாதே. சும்மா ஒத்திகைதான். அந்த அதிகாரி கண்ணுல நீ பட்டுட்டா அம்மாவுக்கு வேலை போயிடும். புரியுதா?"

அவள் தலையாட்டினாள்.

மணி அடித்தது. காலடிச் சத்தம், கதவுச் சத்தம், விசில் சத்தம். பிறகு மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கட்டடம் அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை. அலமாரியில் ஏறி, உயரத்தில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் அது. வண்டிகள் நிற்கும் முற்றத்தில் எல்லாரும் ஜோடி ஜோடியாக நின்றார்கள்.

சூப்பர்வைசர் ஏதோ கேட்டார். அம்மா நெட்டையக்காவின் கையைத் தூக்கிக் காட்டி வாயைத் திறந்தார். வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வந்தாச்சு.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். கட்டடத்துக்குள் ஒருவரும் இல்லை என்று முடிவாகிவிட்டது.

"நான் இருக்கேன்" என்றாள் பொட்டலம், கண்ணாடியிடம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கடகடகட. சற்று நின்று, மறுபடி கடகடகட. எல்லா மிஷினும் நின்ற இடத்தில் ஒரு மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மெல்ல வெளியே வந்து பார்த்தாள். நடையின் கோடியில் ஓர் அறை. உள்ளே ஒரு பெண் தலைகுனிந்து தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கிழிந்த விரிப்புகள் குவிந்து கிடந்தன. கிழிசல் தைக்கப் புதிதாக வந்திருப்பவர். எல்லாரும் ஊசியக்கா என்பார்கள். அந்தக் கூடத்தில் தனியாகச் செய்யும் வேலை அது ஒன்றுதான்.

நிழல் விழுந்ததும் ஊசியக்கா நிமிர்ந்தார். "யாரு நீ?"

பொட்டலம் வாசலைக் கையால் காட்டினாள். "மணி அடிச்சுதே. எல்லாரும் வெளியே போயிட்டாங்க" என்றாள்.

"அப்படியா? இந்த மிஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலையே." ஊசியக்கா வாசலைப் பார்த்தார். யாராவது வருவார்களா என்று பார்ப்பதுபோல் சற்று நேரம் பார்த்தார். "என்னை யாரும் கூப்பிடலை" என்றார். பிறகு நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "சரி, ஒத்திகைதானே."

கடகடகட.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது பொட்டலம் கேட்டாள். "அம்மா, எல்லாரும் வந்தாச்சான்னு அவங்க கேட்டப்ப நீ என்ன சொன்னே?"

"வந்தாச்சுன்னு சொன்னேன்."

"நான் உள்ளேதானே இருந்தேன்?"

"ஒத்திகைதானேடி. நெஜமா தீப்பிடிச்சா நான் ஓடி வரமாட்டேனா?"

"எது ஒத்திகை, எது நெஜம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா தோளில் பையைச் சரிசெய்துகொண்டார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ஊசியக்காவும் உள்ளே இருந்ததைச் சொல்லலாமா என்று பொட்டலம் யோசித்தாள். சொன்னால், அறையை விட்டு ஏன் வெளியே வந்தாய் என்று திட்டு விழும். விழுங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஓரிரு தடவை அவள் ஊசியக்காவின் அறை வாசல்வரை போய் நின்று பார்த்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. கூப்பிடாத இடத்துக்குள் எப்படிப் போவது? திரும்பி வந்து கைப்பிடியோடு விரிப்பு மடித்தாள்.

அதிகாரி போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த முறை முன்கூட்டிச் சொல்லாமல் ஒத்திகை வைப்பாராம். ஆகவே மறுபடி மணி அடித்த அன்று ஒருவரும் பயப்படவில்லை. "சார் வந்துட்டார் போல" என்று யாரோ சொன்னார்கள். பேச்சும் சிரிப்புமாக எல்லாரும் நடந்து வெளியேறுவது துணி அறைக்குக் கேட்டது. நெட்டையக்கா யாரையோ கிண்டல் செய்துகொண்டே போனார்.

பொட்டலம் அசையவில்லை. புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

சற்று நேரத்தில் மூக்கில் ஏதோ ஏறியது. தேய்க்கும் இடத்திலிருந்து சூட்டு வாசனை எப்போதும் வரும். அது அவளுக்குப் பழக்கம். இது வேறு. தொண்டையைக் கரகரவென்று அறுத்தது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவில்தான் துணி உலர்த்தும் அறை இருந்தது. அதன் கதவிடுக்கிலிருந்து புகை கசிந்து தரையோடு பரவியது.

அவள் ஓடிப் போய் அலமாரியில் ஏறிக் கண்ணாடியைத் தட்டினாள். முற்றத்தில் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மணி வேறு விடாமல் அடித்தது. ஒருவரும் திரும்பவில்லை.

கீழே இறங்கினாள். ஒருவேளை இதுவும் ஒத்திகைதானோ? அந்த அதிகாரியே எதையாவது கொளுத்திப் புகை போட்டிருக்கிறாரோ? வெளியே போனால் அவர் பார்ப்பார். அம்மாவுக்கு வேலை போகும். போகாவிட்டால்?

அம்மா அசையாதே என்று சொன்னது புகை இல்லாதபோது. புகையைப் பார்த்திருந்தால் அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இதை நினைத்ததும் அவளுக்கு மனசு தெளிந்தது. புத்தகத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து, துணி அறைக் கதவைச் சாத்தினாள்.

கடகடகட.

நடையின் கோடியில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த முறை அவள் வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே போய் ஊசியக்காவின் கையைத் தொட்டாள். மிஷின் நின்றது.

"அக்கா, மணி அடிக்குது. வாங்க."

"ஒத்திகைக்கா? போன தடவையும் என்னை யாரும் கூப்பிடலையே. நான் போகலைன்னு யாருக்கும் தெரியவும் இல்லை."

"இப்ப நான் கூப்பிடுறேன்ல, வாங்க. புகை வருது."

ஊசியக்கா அவள் முகத்தைப் பார்த்தார். காற்றை மோந்து பார்த்தார். கத்திரிக்கோல், நூல், கண்ணாடி எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, எழுந்துவிட்டார்.

கூடத்துப் பக்கம் போக முடியாது. நடையில் முழங்கால் உயரத்துக்குப் புகை வந்துவிட்டது. "முன்வாசல் அந்தப் பக்கம்தானே இருக்கு. இப்ப எப்படிப் போறது?" என்று ஊசியக்கா தடுமாறினார். அவர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காலையில் முன்வாசலில் நுழைந்தால் மாலையில் அதே வாசலில் போகிறவர்.

"பின்னாடி ஒரு கதவு இருக்கு. நான் தினமும் அதுலதான் வருவேன்" என்றாள் பொட்டலம்.

கதவு இருந்தது. அதன் குறுக்கே ஒரு தள்ளுவண்டியும் இருந்தது. அவள் வந்த பிறகு சாயங்கால லாரியில் வந்தவர்கள் அழுக்கு மூட்டைகளை மலைபோல் ஏற்றிய வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஊசியக்கா தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை.

"சக்கரத்துல பூட்டு இருக்கு அக்கா, பட்டையை மிதிச்சாத்தான் விடும். நான் மிதிச்சுப் பிடிக்கிறேன். அப்ப தள்ளுங்க."

அவள் இரும்புப் பட்டையின் மேல் ஏறி நின்று, உடம்பின் எடை முழுவதையும் காலுக்குக் கொண்டுவந்தாள். பெரிய எடை ஒன்றும் இல்லை. ஆனாலும் பட்டை கீழே இறங்கியது. வண்டி முனகிக்கொண்டே நகர்ந்தது. ஒரு மூட்டை உருண்டு ஊசியக்காவின் தலையில் விழுந்தது. அதைக் கவனிக்க நேரமில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து, பின்னால் சாத்தினார்கள்.

வெளிக்காற்று பட்டதும் இருவருக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. ஊசியக்கா அவள் கையை விடவே இல்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முற்றத்தை நோக்கி ஓடினார்கள்.

திருப்பத்துக்கு வரும்போது மணி நின்றிருந்தது. சூப்பர்வைசர் ஜோடிகளைக் கூப்பிடும் குரல் தெளிவாகக் கேட்டது. கூரை வழியாகப் புகை வருவதை இப்போது எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அதிகாரி வரவே இல்லை. இது ஒத்திகை இல்லை.

"நெட்டை, உன் ஜோடி?"

"வந்தாச்சு" என்றார் நெட்டையக்கா.

"உன் ஜோடி?"

அம்மாவின் கண் கட்டடத்தின் மேலேயே இருந்தது.

"உன்னைத்தான் கேக்குறேன். நெட்டை உன் பக்கத்துலதானே நிக்கிறா? வந்தாச்சுன்னு சொல்லு."

"வரலை" என்றார் அம்மா. அப்படி ஒரு குரலைப் பொட்டலம் கேட்டதே இல்லை. "என் பொண்ணு வரலை. துணி அறையில இருக்கா. தினமும் அங்கதான் இருக்கா. நான்தான் ஒளிச்சு வச்சேன். நான்தான் அசையாதேன்னு சொன்னேன்."

சொல்லிக்கொண்டே அம்மா கட்டடத்தை நோக்கி ஓடினார். நெட்டையக்கா இரண்டே எட்டில் பாய்ந்து அவரை இடுப்போடு பிடித்துக்கொண்டார். அம்மா திமிறினார்.

"அம்மா, நான் இங்க இருக்கேன்" என்று கத்தினாள் பொட்டலம்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வந்த வேகத்தில் அவளை இறுக்கிக்கொண்டார். முதுகில் ஓர் அடியும் வைத்தார்.

"அசையாதேன்னு சொன்னேன்ல? சொன்னா கேக்க மாட்டியா?" என்று அழுதார். "நல்லவேளைடி, கேக்காம வந்தியே."

இரண்டில் எதற்குப் பதில் சொல்வது என்று பொட்டலத்துக்குத் தெரியவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் ஊசியக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ... நீ எங்கேயிருந்து வர்றே?"

"உள்ளேயிருந்துதான்."

"போன தடவை?"

"அப்பவும் உள்ளேதான் இருந்தேன். இந்தப் பிள்ளை வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்."

முற்றத்தில் இருந்த ஒவ்வொருவரும் தன் ஜோடியைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் வாயருகே கொண்டுபோன விசிலை ஊதாமல் கீழே விட்டார்.

உலர்த்தும் மிஷினுக்குள் சேர்ந்திருந்த பஞ்சுத் தூசியில்தான் தீ பற்றியிருந்தது. புகை பட்டு மணி தானாகவே அடித்திருக்கிறது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டது. ஒரு மிஷினும் நிறைய விரிப்புகளும் போயின. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் மானேஜர் அறைக்கு அம்மாவைக் கூப்பிட்டார்கள். பொட்டலத்தையும் அழைத்து வரச் சொன்னார்கள். பாதுகாப்பு அதிகாரியும் உட்கார்ந்திருந்தார். வேலை போய்விட்டது என்றே அம்மா முடிவு செய்திருந்தார். வேறெங்கே கேட்கலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார்.

"குழந்தை இங்க இருக்கிறது உங்களுக்குத் தெரியாதா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார் மானேஜர்.

"தெரியும் சார்" என்றார் சூப்பர்வைசர்.

அம்மா திகைத்துப் போனார்.

"ஒருநாள் துணி அறைக்குப் போனேன். ஒரு பொட்டலத்துக்குக் கீழே ரெண்டு செருப்பு தெரிஞ்சுது. துணிப் பொட்டலம் செருப்பு போட்டு நான் பார்த்ததில்லை. பாவம், எங்க போகும்னு கண்டுக்காம விட்டேன். அது நல்ல மனசுன்னு நினைச்சேன் சார். மணி அடிச்சப்ப அந்தப் பிள்ளை நினைப்பே எனக்கு வரலை. தையல்காரம்மா நினைப்பும் வரலை. ஜோடி இருந்தவங்களைத்தான் நான் கேட்டேன். தப்பு என்மேலதான்."

"நானும் கை தட்டிட்டுப் போனேனே" என்றார் அதிகாரி மெதுவாக. பிறகு பொட்டலத்திடம் திரும்பினார். "நீ சொல்லு. நாங்க எப்படிக் கேட்டிருக்கணும்?"

இப்படி ஒரு பெரிய ஆள் அவளை யோசனை கேட்டதே இல்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா 'சொல்லு' என்று கண் காட்டினார்.

"ஜோடியெல்லாம் கூப்பிட்டு முடிச்சதும், வேற யாரு உள்ளே இருக்கலாம்னு எல்லாரையும் யோசிக்கச் சொல்லணும். கிழிசல் தைக்கிறவங்க, குழாய் ரிப்பேருக்கு வந்தவங்க, லாரியில வந்தவங்க." கொஞ்சம் யோசித்து, "ஒளிஞ்சிருக்கிறவங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மானேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் அப்படிச் செய்தார் என்று நெட்டையக்கா பிறகு சொன்னார். அவர் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டவர்.

அம்மாவின் வேலை போகவில்லை. ஆனால் துணி அறையில் குழந்தை உட்காரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். முன்வாசலை ஒட்டி, வெளியே நேராகத் திறக்கும் சின்ன அறை ஒன்று சும்மா கிடந்தது. தையல் மிஷினைத் தூக்கி அங்கே போட்டார்கள். அம்மா வேலை முடிந்து வரும்வரை பொட்டலமும் அங்கே இருக்கலாம் என்றார்கள். பின்பக்கக் கதவின் குறுக்கே வண்டி நிறுத்துபவர்களைச் சூப்பர்வைசர் என்ன செய்வார் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

ஊசியக்கா அப்படியொன்றும் பேசிக் கொட்டுகிறவர் இல்லை. முதல் நாள் முழுக்க மிஷின்தான் பேசியது. சாயங்காலம் ஆனதும் அவர் தைத்து முடித்த விரிப்பு ஒன்றை உதறி, இரண்டு மூலைகளைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டை அவளிடம் நீட்டினார். பொட்டலம் பிடித்தாள். மடித்தார்கள். ஊசியக்கா நடந்து வந்து மூலையை அவள் கையில் கொடுத்தார்.

விரிப்பு கோணலாகத்தான் வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"உங்க அம்மா மடிக்கிறதைவிடப் பரவாயில்லை" என்றார் ஊசியக்கா.

மழை தொடங்கிய வாரத்தில் பொட்டலத்துக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். சாயங்காலம் அவள் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். அந்நேரம் அம்மாவின் போன் அடித்தது.

"சொல்லுங்க மேடம்... ஆமா, நான் லீவுதான்... இவளா?" அம்மா போனை அவளிடம் நீட்டினார். "உன்கிட்டதான் பேசணுமாம்."

"எங்கே இருக்கே நீ?" என்றது சூப்பர்வைசரின் குரல். பின்னால் ஒரே இரைச்சல்.

"வீட்டுல மேடம். காய்ச்சல்."

"ஸ்கூல்லயிருந்து இங்க வரலையா?"

"ஸ்கூலுக்கே போகலை."

"அதை ஒரு வார்த்தை சொல்லியனுப்பத் தெரியாதா உனக்கு? ஒத்திகை மணி அடிச்சு எல்லாரும் வெளியே வந்து நிக்கிறோம். அம்மாதானே லீவு, பிள்ளை வந்திருப்பாளேன்னு உன் ஊசியக்கா ஒரே பிடிவாதம். நெட்டை போய் ஒவ்வொரு அறையாக் கத்திட்டு வந்துட்டா. சார் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே நிக்கிறார். தூறல் வேற. நீ எங்க இருக்கேன்னு தெரியாம இத்தனை பேரும் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறோம்."

பொட்டலம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த இரைச்சலில் யாரோ "கிடைச்சுட்டாளா?" என்று கேட்டார்கள். யாரோ "வீட்டுலயாம், காய்ச்சலாம்" என்றார்கள். இன்னும் யாரோ "மாத்திரை போட்டாளான்னு கேளுங்க" என்றார்கள்.

"என்ன, சத்தத்தையே காணோம்? நான் திட்டினது கேட்டுச்சா இல்லையா?" என்றார் சூப்பர்வைசர்.

அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் நன்றாகவே கேட்டிருந்தது.

"சரியாக் கேக்கலை மேடம். இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.